பழவேற்காட்டு ஏரிக்கு வேற்றுக்கடல் சொறி (ஜெல்லி) வந்தால் தங்குமா? கணினி மாதிரியால் எவ்வளவு சொல்ல முடியும்?

தடாவில் இருந்துகொண்டு கடல் உயிரியல் முதுகலை படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருப்பது இது. கருங்கடலுக்குக் கப்பல் வழியாக வந்து சேர்ந்த நீமியாப்சிஸ் என்னும் சீப்பு ஜெல்லி அங்கே மீன்வளத்தையே குலைத்துவிட்டது என்று அவர் படித்திருக்கிறார். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் கிருஷ்ணபட்டினத்துக்கும் நடுவே கிடக்கும் நம் ஏரிக்கு அப்படி ஓர் இனம் வந்துவிட்டால் அது எங்கெல்லாம் பரவும், பிழைத்து நிலைக்குமா, இதைக் கணினி மாதிரி கொண்டு முன்கூட்டியே சொல்ல இயலுமா என்பது கேள்வி.

இயலும். ஆனால் கேள்வியின் இரண்டு பாதிகளும் ஒரே அளவு எளியவை அல்ல. நீரோட்டம் அதை எங்கே இழுத்துச் செல்லும் என்பதை இன்றைய மாதிரிகள் ஓரளவு நம்பத்தக்க விதத்தில் கணித்துவிடுகின்றன. போன இடத்தில் அது பிழைக்குமா என்பதே கடினமான பாதி. நான் ஆரம்பாக்கத்துக்காரன், கரையோர நீரோட்டக் கணக்கீடுகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். அந்த அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்: நல்ல மாதங்களில் ஓர் இனம் எவ்வளவு பெருகும் என்று கணக்கிடுவதிலேயே பெரும்பாலான மாணவர்கள் காலத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள், கெட்ட மாதங்களில் மிச்சமிருக்கும் கொஞ்சம் உயிர்கள் எந்த மூலையில் ஒதுங்கித் தப்புகின்றன என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

நம் கரையில் இழுது போன்ற உடலுடைய எல்லாவற்றையும் 'சொறி' என்ற ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். மாதிரி அமைப்பவர் அப்படிச் சேர்த்துவிடக் கூடாது, ஏனென்றால் இவற்றில் இரண்டு வேறு வாழ்க்கைமுறைகள் இருக்கின்றன. கொட்டும் ஜெல்லி மீன்களில் பெரும்பாலானவை வாழ்நாளின் ஒரு பகுதியை, பாலிப் என்னும் சில மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு மொட்டுகளாக, பாறையிலோ சிப்பி ஓட்டிலோ ஒட்டிக்கொண்டு கழிக்கின்றன. அந்த மொட்டிலிருந்தே இளம் ஜெல்லிகள் அடுக்கடுக்காகப் பிரிந்து நீந்திச் செல்கின்றன. சீப்பு ஜெல்லிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கொட்டும் செல்களும் இல்லை, தரையில் ஒட்டும் பருவமும் இல்லை. முட்டை முதல் முதிர்ச்சி வரை முழுவாழ்க்கையையும் அவை நீரில் மிதந்தே கழிக்கின்றன. முதல் வகைக்கு 'ஒட்ட இடம் எங்கே' என்று கேட்க வேண்டும்; இரண்டாம் வகைக்கு 'அடித்துச் செல்லப்படாமல் நிற்க இடம் எங்கே' என்று கேட்க வேண்டும்.

நீமியாப்சிஸ் லெய்டி இரண்டாம் வகை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரைகளுக்கு உரிய இந்த இனம் 1980களின் தொடக்கத்தில் கருங்கடலில் தென்பட்டது. 1980களின் இறுதிக்குள் அங்கே பெருவெள்ளமாகப் பெருகி, மீன்குஞ்சுகளின் உணவான மிதவை உயிரிகளையும், நெத்திலியின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றது. நெத்திலி ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு மெலிந்திருந்த நேரம் அது, ஆகையால் சரிவு முழுவதையும் ஜெல்லியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. 1997 வாக்கில் அதைத் தின்னும் பெரோயி ஓவாட்டா என்னும் மற்றொரு சீப்பு ஜெல்லி வந்து சேர்ந்த பிறகே அதன் பெருக்கம் அடங்கியது. 1999இல் அது காஸ்பியன் கடலில் இருப்பது உறுதியாயிற்று. அங்கே கில்கா என்னும் சிறுமீன் வளம் சரிந்தது. 2006இல் வடகடலிலும் பால்டிக்கிலும் தென்பட்டது. மரபணு ஆய்வுகளின்படி கருங்கடலுக்குச் சென்ற கிளை மெக்சிகோ வளைகுடாப் பக்கத்தையும், வடகடல்-பால்டிக் கிளை அமெரிக்காவின் வடகிழக்குக் கரையையும் சேர்ந்தவை. நம்முடையதைப் போன்ற வெப்பக் கடலுக்கு மாதிரி அமைப்பவர் வடகிளையின் குளிர்தாங்கும் எண்களை அப்படியே எடுத்துப் போட்டால் கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடும்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பயன்பட்ட பக்கம் அசோவ் கடல். கருங்கடலோடு கெர்ச் நீரிணையால் இணைந்த ஆழமற்ற கடல் அது. குளிர்காலத்தில் அங்கே நீமியாப்சிஸ் பூண்டோடு அழிந்துபோகிறது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் வெப்பம் கூடியதும் கருங்கடலிலிருந்து நீரிணை வழியே மறுபடி நுழைந்து கோடைக்குள் கடலையே நிறைத்துவிடுகிறது. பால்டிக்கில் வேறொரு பாடம் கிடைத்தது: உப்பு மிகக் குறைந்த நடுப்பகுதியில் வளர்ந்த ஜெல்லிகள் உயிரோடிருந்தும் முட்டையிடும் திறன் வெகுவாகக் குன்றிவிடுகிறது. உயிர்தாங்கும் எல்லை வேறு, இனப்பெருக்க எல்லை வேறு. இந்த இனம் 2 முதல் 38 வரையிலான உப்புத்தன்மையிலும் (ஒரு கிலோ நீரில் இத்தனை கிராம் உப்பு) 2 முதல் 32 பாகை வரையிலான வெப்பத்திலும் காணப்பட்டிருக்கிறது என்ற எண்களைப் பார்த்து, உலகில் எங்கும் நிலைத்துவிடும் என்று வரைபடம் முழுவதையும் சிவப்பாக்கிவிடும் மாதிரிகள் இந்த வேறுபாட்டைத்தான் கவனிக்கத் தவறுகின்றன.

இனி, பரவலைக் கணக்கிடும் முறைக்கு வருகிறேன். நீரோட்ட மாதிரி ஒன்று தரும் வேகங்களை எடுத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களை ஒரு துறைமுக வாயிலில் விட்டு, ஒவ்வொரு துகளையும் ஓட்டம் இழுக்கும் பக்கம் நகர்த்தி, அதோடு கலக்கத்தைக் குறிக்கும் சிறு தற்செயல் அசைவு ஒன்றையும் சேர்த்துக்கொண்டே போவது வழக்கமான முறை. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) நம் கரைகளுக்கான நீரோட்ட முன்கணிப்புகளை வெளியிடுகிறது; அது போன்ற தரவே தொடக்கத்துக்குப் போதும். துகள் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதைக் கவனமாகத் தீர்மானியுங்கள். மேற்பரப்பில் மிதப்பதைக் காற்றும் அலையும் ஒரு பக்கம் தள்ளும்போது ஐந்து மீட்டர் கீழே இருப்பது வேறு பக்கம் போகலாம். பகலில் இறங்கி இரவில் ஏறும் பழக்கமுள்ள இனமானால் இரண்டுக்கும் இடைப்பட்ட பாதையில் போகும்.

நம் கரையின் நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. மாசி, பங்குனி, சித்திரையில் வடக்கு நோக்கியும், ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கு நோக்கியும் அது ஓடும். ஆகவே பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு இரண்டு பக்கமும் வாசல் இருக்கிறது. தெற்கே தோராயமாக 20 கிலோமீட்டரில் இருக்கும் எண்ணூரில் மார்ச்சில் விடப்பட்ட துகள், நொடிக்கு 30 சென்டிமீட்டர் ஓட்டத்தில் ஒரே நாளில் முகத்துவாரத்தின் எதிரே வந்துவிடும். வடக்கே தோராயமாக 90 கிலோமீட்டரில் இருக்கும் கிருஷ்ணபட்டினத்திலிருந்து நவம்பரில் புறப்படும் துகள் அதே வேகத்தில் மூன்று, நான்கு நாட்களில் வந்து சேரும். கரையை ஒட்டிய நீர் இதைவிட மெதுவாகவே நகரும் என்றாலும், நாட்கணக்கில் வந்துசேரும் தூரம்தான்.

வந்து சேர்வதற்கும் நிலைப்பதற்கும் உள்ள தூரத்தை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஓர் இனம் நாளொன்றுக்கு 0.1 என்ற வீதத்தில் பெருகுகிறது, அதாவது ஏறத்தாழ ஏழு நாளில் இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடலின் கலக்கத்தைக் குறிக்கும் பரவல் குணகத்தை நொடிக்கு 10 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். புள்ளியியலாளர் ஃபிஷர் 1937இல் தந்த சூத்திரத்தின்படி, பெருக்கத்தாலும் கலக்கத்தாலும் மட்டும் அந்த இனம் முன்னேறும் வேகம், இவ்விரண்டு எண்களின் பெருக்கற்பலனுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் கிடைக்கும். இங்கே அது நாளுக்கு 0.6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நொடிக்கு வெறும் 10 சென்டிமீட்டர் ஓட்டமோ அதை நாளுக்கு 8.6 கிலோமீட்டர் இழுத்துச் செல்லும். தன் பெருக்கத்தின் வேகத்தைவிடப் பதினான்கு மடங்கு விரைவாக ஓடும் நீரில், மிதந்து வாழும் ஓர் இனம் பிறந்த இடத்தில் நிற்கவே முடியாது. இதே எண்களை வைத்து, ஓட்டமே இல்லாத நீரில், ஓரங்களில் கசியும் இழப்பைப் பெருக்கம் ஈடுகட்ட எத்தனை அகலமான நீர்ப்பரப்பு வேண்டும் என்று கேட்டால் (ஸ்கெல்லம் 1951இலும், கியர்ஸ்டெட், ஸ்லோபோட்கின் இருவரும் 1953இலும் விடை தந்த கேள்வி இது) 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று வருகிறது. திறந்த கரையை மட்டும் பார்த்தால் நாம் ஓரளவு பாதுகாப்பாகத்தான் இருக்கிறோம். நீர் தேங்கும் இடங்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வருகிறது.

தேங்கும் இடத்துக்கு விதி இன்னும் எளியது: அங்கே நீர் மாறுவதற்கு ஆகும் நாட்கள், இனப்பெருக்க வீதத்தின் தலைகீழியைவிட அதிகமாக இருந்தால் இனம் தங்கும். நம் எடுத்துக்காட்டில் நீர் பத்து நாளுக்கு மேல் தங்கினால் போதும். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமும், பெரும்பகுதியில் இடுப்பளவுகூட இல்லாத ஆழமும் கொண்டு, பெரும்பங்கு ஆந்திரத்திலும் சிறுபங்கு தமிழ்நாட்டிலுமாகக் கிடக்கும் பழவேற்காட்டு ஏரியில் நீர் எத்தனை நாள் தங்கும் என்பதை முகத்துவாரத்து மணல்தான் தீர்மானிக்கிறது. மணல் மேடிட்டு வாய் குறுகினால் ஏரி ஒரு மூடிய தொட்டி. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் வெள்ளம் கொண்டுவந்து வாயை உடைத்தால் சில நாட்களில் நீரே மாறிவிடும். முகத்துவாரத்தை ஒரே அகலம் உள்ளதாக வைத்து ஓட்டிய மாதிரி எதையும் நான் நம்பமாட்டேன். என் சித்தப்பா பாடு முறையில் தன் முறை வரும் நாட்களில் ஏரியில் வலை கட்டியவர், அவர் இதை ஒரே மூச்சில் சொல்வார்: "வாய் தொறந்திருந்தா கடல் வரும்பா, வாய் அடைஞ்சா ஏரி கொதிக்கும், நல்ல தண்ணி எறங்குனா எல்லாம் செத்து ஒதுங்கும்."

அவர் சொன்னதை உப்புக் கணக்காக விரித்தால் ஏரியின் ஆண்டு கிடைத்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று முகங்களை ஒட்டிய நீர் ஏறத்தாழ நன்னீர். தை, மாசியில் கடல் நீர் ஏறி உப்பு சமநிலைக்கு வருகிறது. வைகாசிக்கு மேல் ஆவியாதல் மிகுந்து, வடபகுதியில் உப்புத்தன்மை கடலின் 35ஐத் தாண்டி 50க்கும் மேலே போவதுண்டு; ஆழமற்ற நீர் என்பதால் வெப்பமும் கடலைவிடக் கூடுதல். இப்போது இரண்டு வாசல்களையும் இந்த நாட்காட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். வடக்கிலிருந்து துகள்கள் வரும் ஐப்பசி, கார்த்திகையில் ஏரி அவற்றைக் கொன்றுவிடும் நிலையில் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் மாசி, பங்குனியில் ஏரி அவற்றுக்குத் தொட்டில் போல இருக்கிறது. நீமியாப்சிஸ் போன்ற ஓர் இனத்துக்கு ஆபத்தான பருவம் தோராயமாக ஜனவரி முதல் ஏப்ரல் வரை என்று இதிலிருந்து சொல்லலாம்.

அந்தப் பருவத்தில் என்ன நடக்கும்? நாளுக்கு 0.1 வீதத்தில் 90 நாட்கள் பெருகினால் ஓர் உயிர் ஏறத்தாழ 8,100 ஆகும். நீர் வெளியேற்றமும் இரைகொல்லிகளும் சேர்ந்து அந்த வீதத்தைப் பாதியாக்கினால் அதே 90 நாட்களில் 90தான். உள்ளீட்டில் இரண்டு மடங்கு வேறுபாடு, விடையில் தொண்ணூறு மடங்கு வேறுபாடாக வந்து நிற்கிறது. ஒரே ஒரு எண்ணைத் தந்து 'இத்தனை கோடி ஜெல்லிகள் வரும்' என்று சொல்லும் எவரையும் நம்பாதீர்கள் என்று நான் மாணவர்களிடம் மன்றாடிக் கேட்பது இதனால்தான். வளர்ச்சி வீதம், பரவல் குணகம், உப்பு எல்லைகள், முகத்துவார அகலம் ஆகியவற்றை நியாயமான வரம்புக்குள் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான முறை ஓட்டி, அவற்றில் எத்தனை பங்கில் இனம் அடுத்த ஆண்டு வரை நிலைத்தது என்று சொல்வதுதான் நேர்மையான விடை.

வழக்கமாகப் புதிய இடத்தில் ஓர் இனம் தொடங்க, இணை கிடைக்கும் அளவுக்கு எண்ணிக்கை வேண்டும். அந்தத் தடை மாதிரிகளில் வந்தேறிகளைப் பெரிதும் வடிகட்டிவிடும். நீமியாப்சிஸ் இருபாலுயிரி, தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும், நல்ல நிலையில் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதற்கு அந்த வடிகட்டியைப் போட்டால் ஆபத்தைக் குறைத்துக் காட்டுவதாகிவிடும். உணவில்லாதபோது உடலைச் சுருக்கிக்கொண்டு காத்திருக்கவும் அதற்குத் தெரியும். பால்டிக் கரையில் செய்த ஆய்வில், இரை தீர்ந்த பருவத்தில் முதிர்ந்தவை தம் குஞ்சுகளையே தின்று தாக்குப்பிடிப்பது தெரியவந்தது. ஆகவே 'உணவு இல்லை, ஆகவே மரணம்' என்ற ஒற்றை வரி விதியும் போதாது.

மழையும் கோடையும் ஏரியைத் துடைத்துவிடும் என்றால், அசோவ் கடலுக்குக் கருங்கடல் போல நம் ஏரிக்கு ஒவ்வோர் ஆண்டும் விதை தரும் இடம் எது? துறைமுகப் படுகைகள் என்பது என் கணிப்பு. அலைத்தடுப்புச் சுவர்களுக்குள் நீர் மெதுவாக மாறுகிறது. ஆழம் இருப்பதால் வெள்ள நாட்களில்கூட மேலே நன்னீர் மிதக்க, அடியில் உப்பு நீர் நிற்கிறது. வெப்பமும் ஏரியைப் போல ஏறுவதில்லை. எண்ணூர்க் கழிமுகத்தையும் ஏரியையும் பக்கிங்காம் கால்வாய் உள்வழியாக இணைக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. கடலை மட்டும் கட்டமிட்டு மாதிரி ஓட்டுகிறவர்கள் இந்தப் பின்வாசலைத் தவறவிடுகிறார்கள்.

பாலிப் பருவம் உள்ள இனங்களுக்கு ஒதுங்கிடம் இன்னும் எளிதாகக் கிடைக்கிறது. செங்கடல் வழியாகச் சூயஸ் கால்வாயைக் கடந்து 1970களில் கிழக்கு மத்தியதரைக் கடலில் தென்பட்ட ரோபிலிமா நோமாடிகா, இன்று கோடைதோறும் கூட்டம் கூட்டமாக வந்து இசுரேலின் மின்நிலைய நீர்வாயில்களை அடைக்கிறது. நம் கரையில் கல்பாக்கத்திலும் ஜெல்லிகள் குளிர்விப்பு நீரின் வழியை அடைத்ததுண்டு, அவை நம் கடலுக்கே உரிய இனங்கள். இத்தகைய இனத்துக்கு மாதிரியில் துகள்களை விட வேண்டிய இடம், பாலிப்கள் ஒட்டியிருக்கக்கூடிய நிழலான அடிப்பரப்புகள்: கருங்கல் தடுப்புச் சுவர்கள், மிதவை மேடைகள், ஆளிப் படுகைகள். வடசென்னைக் கரையில் நாம் போட்டிருக்கும் கற்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

வந்துசேரும் உயிர்களின் எண்ணிக்கைக்குக் கப்பல்களின் பேலஸ்ட் நீரைப் பார்க்க வேண்டும். சரக்கில்லாமல் வரும் கப்பல் நிலைதடுமாறாதிருக்க ஒரு துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு, மற்றொன்றில் சரக்கு ஏற்றும்போது வெளியேற்றும் நீர் அது. ஆகவே நிலக்கரி இறக்க வரும் கப்பலை விட, ஏற்றுமதிக்கு வெறுமையாக வரும் கப்பலுக்கே மாதிரியில் கூடுதல் எடை தர வேண்டும். 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் தரவரம்பு, 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. கடுமையான வரம்பாகத் தோன்றும். 10,000 கன மீட்டர் வெளியேற்றினால் விதிக்கு உட்பட்டே ஏறத்தாழ ஒரு லட்சம் உயிர்கள் இறங்கலாம். ஏரியில் இது வெறும் கற்பனை இல்லை. மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கும் அமெரிக்க வெப்பக்கரை மட்டி எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் சேற்றுத் தரையை விரிப்பாக மூடிவிட்டது; அது கப்பல் வழியே வந்திருக்க வேண்டும் என்றே கருதப்படுகிறது. கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்து வாழும் பெண்களின் விரல்கள் இன்று அந்த ஓடுகளில் படுகின்றன. இன்னொன்றும் வந்து சேர வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாதிரியைச் சரிபார்க்கத் தரவு வேண்டும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி விடியலில், முகத்துவாரத்துக்கு வெளியே இழுத்த வலையின் மடியில் கைநிறைய இழுது மட்டும் இருந்தது. வலைக்கண்ணில் பட்டுச் சிதைந்துபோயிருந்ததால் எந்த இனம் என்று சொல்ல வழியில்லை. அதே இடத்தில் பிளாஸ்டிக் வாளியால் மெதுவாக நீர் மொண்டு பார்த்தபோது நம் கடலுக்கே உரிய நெல்லிக்காய் அளவுச் சீப்பு ஜெல்லிகள் நான்கு, எட்டு வரிச் சீப்புகளில் வானவில் ஓட, முழுதாக நீந்திக்கொண்டிருந்தன. நீமியாப்சிஸ் போன்ற மடல் உள்ள இனங்கள் இவற்றைவிட மென்மையானவை, ஃபார்மலினில் இட்டால் கரைந்துவிடும். பழைய சேகரிப்புப் புட்டிகளில் இல்லை என்பதால் கடலில் இருந்ததில்லை என்று ஆகிவிடாது. மாதிரியில் 'இல்லை' என்று பதியும் ஒவ்வோர் இடத்துக்கும், இருந்தும் கண்ணில் படாமல் போயிருக்கும் வாய்ப்பையும் ஓர் எண்ணாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் பெரிய கணினி இல்லாவிட்டாலும் தொடங்கலாம். தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கம் இரண்டு இடம், பழவேற்காட்டில் ஒன்று, முகத்துவாரத்தில் ஒன்று, கால்வாயின் எண்ணூர் முனையில் ஒன்று என ஐந்து இடங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை உப்புமானியும் வெப்பமானியும் வைத்து அளவெடுங்கள். முகத்துவாரத்தின் அகலத்தை அதே நாளில் நடந்து அளந்து குறித்து வையுங்கள். படகுக்காரர்களைக் கேட்டால் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று விரல்விட்டுச் சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓராண்டுத் தரவு கிடைத்ததும் ஏரியை ஐந்து பெட்டிகளாகப் பிரித்த ஓர் எளிய மாதிரிக்கு அதைக் கொடுங்கள். அதன் விடை, கடல் முழுவதையும் கட்டமிட்டு முகத்துவாரத்தைக் கோட்டைவிடும் மாதிரியின் விடையைவிட நம்பகமாக இருக்கும். வாளியோடு துறைமுகப் படுகைக்குப் போக அனுமதி கேட்கும் கடிதத்தை ஆவணியிலேயே எழுதிவிடுங்கள். ஒதுங்கிப் பிழைப்பவற்றைத் தேட வேண்டிய மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். அனுமதி வந்து சேர்வதற்குள் அவை கடந்துவிடக் கூடாது.